மாதம் 2,140 ராண்ட் மிச்சம் என்ற குறுஞ்செய்தி: ஒரு மெடிக்கல் எய்டின் நேரடி பிளான் மாற்றுச் சேவை

2024 அக்டோபர் 12, புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் படையலுக்கு வாழையிலை விரித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பதினொரு ஆண்டுகளாக நாங்கள் சந்தா கட்டி வரும் மெடிக்கல் எய்டின், அதாவது எங்கள் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டத்தின், பெயரில் வந்த அந்தச் செய்தி, ஜனவரி முதல் தேதியில் தொடங்கவிருக்கும் புதிய பிளானுக்கு மாறினால் என் குடும்பத்துக்கு மாதம் 2,140 ராண்ட் மிச்சமாகும் என்றும், கீழே உள்ள இணைப்பைத் தொட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே மாற்றம் முடிந்துவிடும் என்றும் கூறியது. இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கும் அந்தத் திட்டத்துக்கும் இடையில் நின்று பேசி வந்த புரோக்கரின் பெயர் அதில் எங்கும் இல்லை. உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் மதிப்புரை எழுதுகிறவர்கள் ஏராளம். வீட்டு மளிகைச் செலவைவிட அதிகப் பணம் போகிற இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் ஒருவரும் எழுதி நான் கண்டதில்லை என்பதால், ஓராண்டு கடந்த பிறகு, அதன் பலன் என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு, இதை எழுதுகிறேன். திட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நண்பர்களிடம் விசாரித்ததில் இதே போன்ற செய்தி வேறு திட்டங்களிலிருந்தும் வந்திருப்பதாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிப்பவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படும். இங்கே மெடிக்கல் எய்ட் என்று எல்லோரும் சொல்வது 1998ஆம் ஆண்டின் 131ஆம் எண் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற, உறுப்பினர்களுக்கே சொந்தமான, இலாப நோக்கற்ற நிதி. அதை நடத்தித் தருகிற நிர்வாக நிறுவனம் வேறு. அது இலாபத்துக்காக இயங்குவது. வெளியே இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள், எனக்கும் நெடுநாள் அந்த மயக்கம் இருந்தது. யாரும் சேரக்கூடிய எந்தத் திறந்த திட்டமும் விண்ணப்பிப்பவரை வயதையோ நோயையோ காட்டி மறுக்கக்கூடாது. ஒரே பிளானில் உள்ள இருவருக்கு வருமானத்தையும் சார்ந்திருப்போர் எண்ணிக்கையையும் தவிர வேறு எதையும் கொண்டு சந்தாவை வேறுபடுத்தவும் கூடாது. நாற்பது வயதுக்கு ஒரு விலை, அறுபது வயதுக்கு ஒரு விலை என்ற வழக்கம் இங்கே கிடையாது. ஆகவே பிளானோ திட்டமோ மாறுவதில் உள்ள ஆபத்தும் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. எந்த மருத்துவமனை, எந்த மருந்து, பலன் கிடைக்கத் தொடங்கும் முன் எத்தனை மாதக் காத்திருப்பு என்ற மூன்றும் சந்தாத் தொகையில் தெரிவதில்லை.

முதலில் சேவையின் நல்ல பக்கம். இணைப்பைத் தொட்டதும் திறந்த பக்கம் தெளிவாகவும் வேகமாகவும் இருந்தது. என் பெயர், மனைவியின் பெயர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனின் பெயர், தற்போதைய சந்தா 9,860 ராண்ட், புதிய பிளானின் சந்தா 7,720 ராண்ட் என்று எல்லாம் முன்னரே நிரப்பப்பட்டிருந்தன. அவற்றில் பிழை ஏதும் இல்லை. ஒரே திட்டத்துக்குள் ஒரு பிளானிலிருந்து இன்னொரு பிளானுக்கு மாறுகிறவருக்குப் புதிதாகக் காத்திருப்புக் காலம் விதிக்க முடியாது என்ற சட்ட விதியையும் அந்தப் பக்கம் சரியாகவே சொன்னது. ஆண்டுக்கு 25,680 ராண்ட் என்ற தொகையைப் பச்சை நிறத்தில் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். படையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் காட்டினேன். “புரோக்கர் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள். கேட்கவில்லை. மூன்றாண்டுகளாக அவரும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போது என் மனத்தில் இருந்த சிறு கசப்பு.

அன்று மாலையே மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி, உறுதிசெய்யும் கடைசிப் பக்கம் வரை போனேன். அங்கே சிறிய எழுத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இது தகவல் மட்டுமே, ஆலோசனை அன்று என்பதைப் புரிந்துகொண்டேன் என்று ஒன்று சொன்னது. இனி நேரடிச் சேவையையே விரும்புகிறேன் என்று மற்றொன்று சொன்னது. அதில் முன்கூட்டியே குறி இடப்பட்டிருந்தது. அந்த இரண்டாவது பெட்டியின் பொருள் புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. புரோக்கரின் சேவை வேண்டாம் என்று உறுப்பினர் அறிவித்ததும் அவருக்குத் தரும் பணத்தைத் திட்டம் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அந்தக் குறியே அத்தகைய அறிவிப்பு. அதாவது மலிவான பிளானைக் கேட்க வந்த நான், அறியாமலே பழைய நண்பரின் வேலையையும் சேர்த்து முடித்துவைத்திருப்பேன். புரோக்கரை நீக்கினால் என் சந்தாவில் ஒரு சென்ட்கூடக் குறையாது என்பதையும் அந்தப் பக்கம் சொல்லவில்லை. புரோக்கருக்குப் போகும் தொகை எல்லா உறுப்பினர்களின் சந்தாவிலும் கலந்தே இருக்கிறது. அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் கட்டுவது ஒன்றுதான்.

முதல் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டின் நிதி ஆலோசனை, இடைத்தரகுச் சேவைகள் சட்டத்தின் கீழ் உள்ள நடத்தை விதிகளின்படி, ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாறச் சொல்லி ஆலோசனை தருபவர், அந்த மாற்றத்தால் வாடிக்கையாளருக்கு நேரக்கூடிய செலவையும் இழப்பையும் விளைவையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆலோசனை என்ற சொல்லைத் ‘தகவல்’ என்று மாற்றிவிட்டால் அந்தக் கடமை அவ்வளவாக உறைப்பதில்லை. ‘உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பிளான்’ என்று மேலே பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கீழே இது ஆலோசனை அன்று என்று சொல்வது, சட்டத்துக்கு எப்படிப் பொருந்துகிறதோ அறியேன், தமிழ் அகராதிக்குப் பொருந்தவில்லை.

குறி இடுவதற்கு முன்பு, திங்கட்கிழமை, அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகவும் பொறுமையாகவும் பேசினார். இந்த மதிப்புரையில் குறை என்று நான் சொல்வது எதுவும் அவரைச் சேராது. எங்களுக்கு வேண்டியவை இரண்டே தகவல்கள். என் மனைவிக்குப் பிப்ரவரியில் கண்புரை அறுவை செய்ய நாள் குறித்திருந்தது. புதிய பிளானில் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் மருத்துவமனையில் அதைச் செய்யலாமா? அவள் நீரிழிவுக்குப் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனா புதிய பிளானின் மருந்துப் பட்டியலில் உண்டா? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. புதிய பிளானில் இத்தகைய அறுவைகளைக் குறிப்பிட்ட பகல்நேர மையங்களில்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு மிக அருகில் உள்ளது உம்லாங்கா பக்கம், முப்பது கிலோமீட்டருக்கு மேல். வேறு இடத்தில் செய்தால் 11,300 ராண்ட் நாங்களே கட்ட வேண்டும். எட்டு ஆண்டுகளாக அவள் கண்ணைப் பார்த்து வரும் மருத்துவரோ உம்லாங்காவில் அறுவை செய்வதில்லை. இரண்டாவது கேள்விக்காக என்னை மூன்று பேரிடம் மாற்றி மாற்றி இணைத்தார்கள். நாற்பத்தேழாவது நிமிடத்தில் கிடைத்த பதில், 2025க்கான மருந்துப் பட்டியல் டிசம்பரில் வெளியாகும் என்பது. பிளானைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30. பெண்ணைப் பார்க்காமல் தாலி கட்டச் சொன்ன கதையாக இருக்கிறதே என்று சொல்ல நினைத்து, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்பதால் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் புரோக்கரை அழைத்தேன். மறுநாள் மாலை வந்தார். அவரும் எங்களைப் போலச் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தேநீர் ஆறும் வரை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, எழுதுகோலை எடுத்து என் பழைய சந்தாவான 9,860 ராண்டை இரண்டாகப் பிரித்தார். “இதில 1,560 உங்க சேவிங்ஸ் கணக்குக்குப் போறது, தம்பி. அது உங்க சொந்தப் பணம். புது பிளான்ல சேவிங்ஸே கிடையாது” என்றார். நான் பதினொரு ஆண்டுகளாக உறுப்பினராக இருந்தும் அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. சேவிங்ஸ் கணக்கு என்பது சந்தாவில் ஒரு பகுதியை, அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து வரை, நம் பெயரில் ஒதுக்கி வைப்பது. குடும்ப மருத்துவர், பல், கண்ணாடி, சாதாரண மருந்து ஆகிய செலவுகள் அதிலிருந்து போகும். செலவழியாத மீதி நம்முடையது. அடுத்த ஆண்டுக்கும் வரும். ஆகவே ஆண்டுக்கு 25,680 ராண்ட் மிச்சம் என்று பச்சை நிறத்தில் காட்டிய தொகையில் 18,720 ராண்ட் எனக்கே திரும்ப வரவேண்டிய என் பணம். காய்ச்சல் வந்தால் மருத்துவருக்கு இனி அதைச் சட்டைப்பையிலிருந்து கொடுக்கப்போகிறேன், அவ்வளவுதான். உண்மையான மிச்சம் ஆண்டுக்கு 6,960 ராண்ட், மாதத்துக்கு 580.

அந்த 580 ராண்டும் நிற்கவில்லை. தமக்குத் தெரிந்த அலுவலர் ஒருவர் மூலம் இரண்டு நாளில் மருந்துப் பட்டியலின் வரைவை வாங்கி அனுப்பினார். நீரிழிவு, எல்லாத் திட்டங்களும் எல்லாப் பிளான்களிலும் கொடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும் நாள்பட்ட நோய்களில் ஒன்று. அதற்குரிய சிகிச்சைச் செலவைச் சேவிங்ஸ் கணக்கிலிருந்து எடுக்கவும் கூடாது. ஆனால் எந்த நிறுவனத்தின் எந்த வகை இன்சுலின் என்பதை ஒவ்வொரு பிளானும் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளலாம். பட்டியலுக்கு வெளியே உள்ளதை நாமே விரும்பி வாங்கினால் விலை வேறுபாடு நம் தலையில். மனைவியின் பேனா புதிய பட்டியலில் இல்லை. வேறுபாடு மாதம் 310 ராண்ட், ஆண்டுக்கு 3,720. அதோடு கண் அறுவைக்கான 11,300 ராண்டையும் 6,960இலிருந்து கழித்தால், முதலாண்டில் மட்டும் எங்களுக்கு 8,060 ராண்ட் நட்டம். மிச்சம் என்ற பெயரில் வந்த செய்தியின் முழுக் கணக்கு இதுவே.

நியாயமாகச் சொல்வதானால், இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குரியது. நோய் ஏதுமில்லாத, உம்லாங்காவிலேயே குடியிருக்கிற ஓர் இளந்தம்பதிக்கு அதே பிளான் மிகப் பொருத்தமாக இருந்திருக்கலாம். மருத்துவரிடம் போவதே அரிதானவர்களுக்குச் சேவிங்ஸ் கணக்கும் வீண். நான் குறை சொல்வது பிளானை அன்று, அதை விற்ற விதத்தை. என் மனைவியின் பிப்ரவரி அறுவைக்கான முன் அனுமதியைச் செப்டம்பரிலேயே கொடுத்தது அதே திட்டம். அவளுடைய இன்சுலினுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவதும் அதே திட்டம். எல்லாத் தகவலும் தன் கணினியில் இருக்கும்போது, என் பெயரையும் சந்தாவையும் மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றவற்றைக் காணாதது போல் இருந்தது ஏன் என்று கேட்டு எழுதினேன். மருத்துவ விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று பதில் வந்தது. கேட்பதற்கு நல்ல கொள்கையாகவே இருக்கிறது. அப்படியானால் ‘உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற’ என்ற சொற்களையும் விட்டுவிடலாமே.

புரோக்கரின் வாடிக்கையாளருக்குத் திட்டம் நேரடியாக எழுதலாமா என்ற கேள்வியை எங்கள் புரோக்கர் சற்றுச் சூடாகவே எழுப்பினார். இதில் நான் அவரோடு முழுதும் உடன்படவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தபின், முன்பின் தெரியாதவர் அனுமதியின்றி மின்வழி விளம்பரம் அனுப்பக்கூடாது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவருக்குத் தன்னுடைய அதே வகைப் பொருளைப் பற்றி ஒரு நிறுவனம் எழுதலாம். வேண்டாம் என்று சொல்லும் வழியை ஒவ்வொரு செய்தியிலும் தர வேண்டும், அவ்வளவே. நான் திட்டத்தின் உறுப்பினர். அது எனக்கு எழுதியதில் திருட்டு ஏதும் இல்லை. ‘என்னுடைய கிளையண்ட்’ என்று புரோக்கர்கள் பேசுவதைக் கேட்கும்போது எங்களை மாட்டுச் சந்தையில் நிறுத்தியது போலத்தான் இருக்கிறது. என் குறை வேறு. மாற்றத்தை முன்மொழியும் செய்தியில் ‘உங்கள் புரோக்கரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த வரியைச் சேர்க்காமல், அவரை நீக்கும் பெட்டியில் குறியையும் இட்டு அனுப்பினார்கள்.

புரோக்கர்கள் விலை உயர்ந்த பிளானிலேயே நம்மைப் பிடித்து வைப்பது கமிஷனுக்காக என்று பலரும் சொல்வதுண்டு. அன்று நானும் அவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். சட்டப்படி ஒரு புரோக்கருக்குத் திட்டம் மாதந்தோறும் தரக்கூடியது சந்தாவில் நூற்றுக்கு மூன்று, அல்லது அமைச்சர் ஆண்டுதோறும் அறிவிக்கும் உச்சத் தொகை, இரண்டில் எது குறைவோ அது. அந்த உச்சம் அண்மை ஆண்டுகளில் நூறு ராண்டுக்குச் சற்று மேலேதான் இருந்து வருகிறது. 9,860 ராண்டில் நூற்றுக்கு மூன்று 295 ராண்டைத் தாண்டும். 7,720இல் 231ஐத் தாண்டும். இரண்டுமே உச்சத்துக்கு மேல். ஆக, நான் எந்தப் பிளானில் இருந்தாலும் அவருக்குக் கிடைப்பது ஒரே தொகை. பொய்க்குற்றம் சாட்டியதற்காக வருத்தம் தெரிவித்தேன். ஒரே தொகை என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வந்தாலும் வராவிட்டாலும் அதே பணம் என்றால், மூன்றாண்டு ஒருவர் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் வியப்பில்லை.

அதற்குச் சான்று அன்றிரவே கிடைத்தது. எங்கள் பழைய பிளானுக்கே நெட்வொர்க் வடிவம் ஒன்று இருக்கிறது. சேவிங்ஸ் கணக்கு உண்டு, மருந்துப் பட்டியல் அதே பட்டியல், மருத்துவமனைகள் மட்டும் குறிப்பிட்ட சிலவாகச் சுருங்கும். வீட்டுப் பக்கத்து மருத்துவமனை அந்தச் சிலவற்றில் அடங்கும். சந்தா 8,990 ராண்ட்; மாதம் 870 குறைவு. இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டேன். மூன்றாண்டுகளாக என்றார். சற்று நேரம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான்தான் சொல்லியிருக்கணும்” என்றார். ஏறத்தாழ முப்பதாயிரம் ராண்ட் எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. திட்டத்தின் குறுஞ்செய்தியும் இந்த வடிவத்தைச் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்கும் பிளானுக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்ததால் அதை மட்டும் முன்னிறுத்தினார்கள் என்பது என் ஊகம். இப்படியாக, இருபக்கமும் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றையே 2025 ஜனவரியில் தேர்ந்தெடுத்தோம். பிப்ரவரியில் கண் அறுவை பத்து நிமிடத் தூரத்து மருத்துவமனையில் நடந்தது. மருத்துவமனைக் கணக்கில் நாங்கள் கட்டியது ஒன்றுமில்லை.

என் கதையைவிட முக்கியமானது பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேர்ந்தது. அவருக்கு அதே மாதத்தில் வந்த அழைப்பு மெடிக்கல் எய்டிலிருந்து அன்று, ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து. மாதம் மூவாயிரத்துக்கும் குறைவான கட்டணத்தில் கணவன் மனைவி இருவருக்கும் ‘ஹெல்த் பிளான்’ என்றார்கள். பெயரில் பிளான் என்று இருந்ததால் ஒரு பிளானிலிருந்து இன்னொரு பிளானுக்கு மாறுவது போலவே அவர் நினைத்துக்கொண்டார். மருத்துவமனையில் படுத்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுக்கும் காப்பீடு அது. 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, இத்தகைய பொருளை விற்பவர்கள் இது மருத்துவத் திட்டம் அன்று, அதற்கு மாற்றும் அன்று என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். வானொலி விளம்பரங்களின் கடைசியில் மூச்சுவிடாமல் நிபந்தனைகளை வாசிப்பார்களே, அந்த வேகத்தில் தொலைபேசியில் வாசித்தார்கள். தம் புரோக்கருக்கு ஒரு செய்தி அனுப்பி விலக்கிவிட்டு, டிசம்பர் இறுதியோடு மெடிக்கல் எய்டையும் நிறுத்தினார்.

முதல் அடி அவர் கணவரின் சம்பளச் சீட்டில் விழுந்தது. பதிவு பெற்ற மருத்துவத் திட்டத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களுக்கு வருமான வரியில் மாதந்தோறும் கழிவு உண்டு. 2025 தொடக்கத்தில் அது முதல் இருவருக்கு ஆளுக்கு 364 ராண்ட், அதன்பின் ஒவ்வொருவருக்கும் 246 ராண்டாக இருந்தது. காப்பீட்டுப் பொருளுக்கு அந்தக் கழிவு கிடையாது. மாதம் 728 ராண்ட் வரி கூடியதை மார்ச் மாதம்தான் கவனித்தார்கள். மே மாதத்தில் அக்காவுக்கு இதயப் பரிசோதனை தேவைப்பட்டபோது பழைய திட்டத்துக்கே திரும்ப விண்ணப்பித்தார். சேர்த்துக்கொண்டார்கள், மறுக்கத்தான் முடியாதே. ஆனால் தொண்ணூறு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளி அதற்குள் இருந்து, அதற்கு முன் இருபத்து நான்கு மாதங்களுக்கு மேல் உறுப்பினராகவும் இருந்தவர் என்றால், மூன்று மாதப் பொதுக் காத்திருப்பு மட்டுமே விதிக்கலாம். அப்போதும் குறைந்தபட்சப் பலன்களை மறுக்க முடியாது. தொண்ணூறு நாளைத் தாண்டியவருக்கோ மூன்று மாதப் பொதுக் காத்திருப்போடு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பன்னிரண்டு மாதம் வரையிலான காத்திருப்பும் வரலாம். அந்தக் காலத்தில் குறைந்தபட்சப் பலன்கள்கூடக் கிடையா. இருபத்தைந்து ஆண்டு சந்தா கட்டிய அக்கா இரத்த அழுத்த மாத்திரைக்கு இப்போது அரசு கிளினிக்கில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறார்.

அதோடும் முடியவில்லை. வயதைக் கொண்டு சந்தாவை வேறுபடுத்தக்கூடாது என்ற விதிக்கு விலக்காக, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு சேருகிறவர்களுக்குத் தாமதச் சேர்க்கைக்கான கூடுதல் கட்டணம் உண்டு. 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி இல்லாமல் உறுப்பினராக இருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. அக்காவுக்கு அந்த விலக்கு இருந்தது. நான்கு மாத இடைவெளியில் அதுவும் போயிற்று. வயதிலிருந்து முப்பத்தைந்தையும், நிரூபிக்கக்கூடிய உறுப்பினர் ஆண்டுகளையும் கழித்து எஞ்சும் ஆண்டுகளைக் கொண்டு கட்டணத்தைக் கணக்கிடுகிறார்கள்: நான்கு ஆண்டு வரை நூற்றுக்கு ஐந்து, ஐந்திலிருந்து பதினான்கு வரை இருபத்தைந்து, பதினைந்திலிருந்து இருபத்து நான்கு வரை ஐம்பது, அதற்கு மேல் எழுபத்தைந்து. அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. கையில் இருந்த சான்றிதழ் கடைசிப் பதினான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே. கணக்கில் பன்னிரண்டு எஞ்சியது, நூற்றுக்கு இருபத்தைந்து என்றார்கள். 2000 ஜனவரி முதல் அவர் இருந்த முந்தைய திட்டத்தின் சான்றிதழ் எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. விலக்கப்பட்ட அந்தப் புரோக்கரிடம் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டார். அவர் தம் வண்டிக் கொட்டகையில் இருந்த பழைய கோப்புகளிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். இருபத்தைந்து ஆண்டும் கணக்கில் ஏறியது; எஞ்சியது ஒரே ஆண்டு, கட்டணம் நூற்றுக்கு ஐந்து. அந்த உதவிக்கு அவருக்கு யாரும் கமிஷன் தரவில்லை. அந்தப் புரோக்கர் எங்கள் வீட்டில் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தவரேதான்.

எங்கள் திட்டத்தின் நேரடி பிளான் மாற்றுச் சேவைக்கு ஐந்தில் இரண்டு தருகிறேன். இரண்டும் பக்கத்தின் தெளிவுக்காகவும் தொலைபேசியில் பேசிய பெண்ணின் பொறுமைக்காகவும். சேவிங்ஸ் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டி, புரோக்கரை நீக்கும் குறியை எடுத்துவிட்டு, மருந்துப் பட்டியலைக் கடைசி நாளுக்கு முன் வெளியிட்டிருந்தால் நான்கு தந்திருப்பேன். மூன்றுமே பெரிய செலவு வைக்காதவை. காப்பீட்டு நிறுவனத்தின் அழைப்புக்கு மதிப்பெண் கொடுக்க அக்காவிடம்தான் கேட்க வேண்டும். அவர் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. எங்கள் புரோக்கருக்கு மூன்றரை. இழந்த ஒன்றரை அந்த மூன்றாண்டு மௌனத்துக்கு. மேலும் ஒன்றைக் குறைத்திருக்க வேண்டும், அக்காவின் சான்றிதழுக்காகக் குறைக்கவில்லை. முழு ஐந்து கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

அவரை வைத்துக்கொள்ள ஒரு நிபந்தனை விதித்தோம். ஆண்டுதோறும் அக்டோபரில், எங்கள் பிளானையும் அதே திட்டத்தின் வேறு இரண்டு பிளான்களையும் ஒப்பிட்டு ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். சேவிங்ஸ் தொகை தனி வரியில், இன்சுலின் தனி வரியில், அருகில் உள்ள மருத்துவமனை தனி வரியில். இந்த ஆண்டும் புரட்டாசியில் குறுஞ்செய்தி வந்தது. இம்முறை மாதம் 1,310 ராண்ட் மிச்சமாம். இணைப்பைத் தொடாமல் அப்படியே புரோக்கருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் கையால் எழுதிய ஒரு பக்கத்தின் புகைப்படம் வாட்ஸ்அப்பில் வந்தது. சேவிங்ஸைக் கழித்தபின் மிச்சம் 95 ராண்ட் என்று கடைசி வரியில் அடிக்கோடிட்டிருந்தார். வங்கிக் கணக்கிலிருந்து சந்தா போகும் டெபிட் ஆர்டரை மாற்றவில்லை.